டிவிடி ரைட்டர்: வாங்குங்கள், ஆனால் வேறு வேலைக்கு

வணக்கம். தேவகோட்டை வீட்டில் அப்பத்தாவின் சாந்தி கல்யாண (அறுபதாம் கல்யாணம்) டிவிடிகள் கிடக்கின்றன, மகள் கல்யாண வீடியோவையும் டிவிடியில் போட்டு வைக்க ரைட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள். எழுத அல்ல, பழையதைக் காப்பாற்ற.

ஒரு சாதா டிவிடியில் 4.7 ஜிபிதான் பிடிக்கும். போனில் 4கே-யில் (மிகத் துல்லியமான படத் தரம்) எடுத்த நீளமான கல்யாண வீடியோ அதில் அடங்காது. டிவியில் ஓடும் டிவிடியாக மாற்றினாலோ படம் 720க்கு 576 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். கல்யாண வீடியோவை அப்படிக் குறுக்காதீர்கள், மனசு கேட்காது.

அவசரம் பழைய டிஸ்குகளுக்குத்தான். ரைட்டரில் எழுதிய டிவிடியில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் அதைக் கெடுக்கும். நம்ம ஊர்ச் சித்திரை வெக்கையில், பூட்டிக் கிடக்கும் வீட்டு பீரோவுக்குள் அது என்ன பாடுபடும்! ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் நிறம் மங்கியோ திட்டுத்திட்டாகவோ தெரிந்தால் அதை முதலில் காப்பி எடுங்கள். தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கவே கூடாது.

யுஎஸ்பி-யில் மாட்டும் தட்டு வகை ரைட்டர் போதும். காரைக்குடி கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டிவிடிக்குள் இருக்கும் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டரை அப்படியே முழுசாக இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போடுங்கள். ஒன்று தேவகோட்டையில் இருக்கட்டும், இன்னொன்று வெளியூரில் மகள் வீட்டில். டிவிடி பிளேயரில்தான் பார்ப்பேன் என்கிற பெரியவர்களுக்கு மட்டும் ஒன்றிரண்டு எழுதிக் கொடுங்கள்.