மழைக்கு முன்னால் கேள்வி பதில்: வெள்ளம், டேட்டா, செயலி

வெள்ள வரைபடங்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. பருவமழைக்கு முன் நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வேளச்சேரியிலிருந்து: தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலி 'கனமழை' என்கிறது. என் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று மட்டும் சொல்வதில்லையே சார்?

எவ்வளவு பெய்யும் என்பது ஒரு கணக்கு; பெய்தது எங்கே போய் நிற்கும் என்பது வேறு கணக்கு. இரண்டாவதற்குத் தெருவின் மேடு பள்ளம், வடிகாலின் நிலைமை, ஏரி மட்டம், அந்த நேரத்துக் கடல் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) எல்லாம் வேண்டும். ஓதம் ஏறியிருந்தால் முகத்துவாரத்தில் ஆற்றுநீர் வடியாமல் நிற்கும். இந்தத் தகவல்கள் மாநகராட்சி, நீர்வளத் துறை, வானிலை மையம், கடல் ஆய்வாளர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் கிடக்கின்றன. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு ஐஐடி பாம்பே, ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் முதலியவை கைகோத்து 'சி-ஃப்ளோஸ்' என்ற வெள்ள முன்னறிவிப்பு முறையை உருவாக்கின. கம்ப்யூட்டர் மாடலை விட, இத்தனை பேரை ஒரே மேஜையில் உட்கார வைத்ததுதான் கஷ்டமான வேலை என்பேன்.

முடிச்சூரிலிருந்து: 2015இல் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம் அல்லவா?

உங்கள் கோபம் நியாயம், ஆனால் நீங்கள் கோபப்பட வேண்டிய ஏரி அதுவல்ல. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது. உங்களை முக்கியமாக மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அதனால் உங்களுக்கு வேண்டியது அந்தச் சின்ன ஏரிகளின் மட்டம். பெரிய ஏரியின் மட்டத்தைத் தினமும் செய்தியில் சொல்வார்கள், இவற்றை யார் சொல்கிறார்கள்?

அடையாற்றில் கீழே இருக்கும் ஜாபர்கான்பேட்டைக்காரர்களுக்கு வேறு சிக்கல். அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், அதாவது 8 லட்சம் லிட்டருக்கு மேல். ஆனால் கன அடியைக் கேட்டு யார் வீட்டைக் காலி செய்வார்கள்? 'உங்கள் தரைத்தளம் முங்கும்' என்று சொன்னால்தான் கிளம்புவார்கள்.

பெருங்குடி ஐடி ஊழியர்: எங்கள் கம்பெனி சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்தில் ஒரு வெள்ளச் செயலி செய்து தரலாம் என்கிறது. நல்லதுதானே?

இன்னொரு செயலியா? வேண்டாம். அந்தப் பணத்தில் நான்கு கால்வாய்ப் பாலங்களில் நீர்மட்டக் கருவி மாட்டி, ஐந்து வருடப் பராமரிப்புக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, திறப்பு விழா முடிந்ததும் முதலில் போவது பேட்டரிதான், அதை மாற்றத்தான் ஆள் இருக்காது. அப்புறம், மட்டம் ஏறினால் எந்த அதிகாரிக்கு யார் போன் செய்வது என்று மாநகராட்சியோடு ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அந்த டேட்டாவையும் பூட்டி வைக்காதீர்கள். 2015இல் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை வைத்து மூழ்கிய தெருக்களைக் குறித்துக்கொண்டே போக முடிந்தது, வரைபடம் எல்லோருக்கும் திறந்திருந்ததால்தான்.

கார்பனைக் குறைப்பது பற்றிப் பேச்சே இல்லையே?

சரி, அதுவும் உண்டு. 2023இல் வந்த சென்னை காலநிலைச் செயல்திட்டத்தின் இலக்கு 2050க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியிடும் அளவுக்கு ஈடாகக் கார்பனை நீக்குவது. ஆனால் மழை இந்த வருடமே வருகிறது.

மடிப்பாக்கத்திலிருந்து: அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அவருக்கு என்ன வழி?

தெருமுனைச் சுவரில் அடிக்கு ஒன்றாகப் பெயிண்ட் கோடு போடுங்கள். எங்கள் தெருவில் இரண்டாவது கோட்டைத் தண்ணீர் தொட்டால், மாடி வீட்டுப் பையன் கீழ்வீட்டுப் பாட்டியை மேலே கூட்டிப் போக வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். கோட்டைப் போட்டோ எடுத்து நேரம் குறித்து அனுப்பினால், மாடல் போடுகிறவர்களுக்கும் அது டேட்டாதான்.