பாசறை என்றால் என்ன? அந்தச் சொல் எப்படி வந்தது?

போருக்குப் போகும் படை வழியிலோ களத்துக்குப் பக்கத்திலோ தற்காலிகமாகத் தங்கும் இடம்தான் பாசறை. பாசு + அறை என்று பிரிப்பார்கள். பாசு என்றால் பசுமை. ஆக, பச்சைத் தழை வேய்ந்த அறை. நடந்து வரும் படை ஓடும் கல்லும் சுமந்து வராது, நிற்கிற காட்டில் கிடைப்பதைத்தான் வெட்டிப் போடும். முல்லைப்பாட்டில் வரும் பாசறையிலும் தழைக்கூரைக் குடில்கள் தெருவாக நிற்கின்றன, சுற்றிவர முள்வேலி.

இலங்கையின் வன்னிக்காரருக்கு இது சட்டென்று விளங்கும். சேனையில், அதாவது காடு வெட்டிப் பயிர் செய்யும் நிலத்தில், பன்றிக் காவலுக்கு நாலு கப்பு நட்டு, மேலே குழை போட்டு ஒரு கொட்டில் கட்டுவோமே, விளைச்சல் எடுத்ததும் அப்படியே விட்டுவிட்டு வருவோமே, அதுதான். அதையே ஒரு படைக்குக் கட்டினால் பாசறை. (படையினர் தங்குமிடத்தைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘பரக்ஸ்’கூட குடிசையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான்!)

இன்று எங்கள் பக்கம் பேச்சில் காம்ப், எழுத்தில் முகாம். முகாம் அரபு மூலச் சொல், ‘நிற்கும் இடம்’. அது ஆமிக்கும் பொருந்தும், இடம்பெயர்ந்த சனத்துக்கும் பொருந்தும். பழைய வழக்கில் பாசறை அப்படியில்லை, படைக்குத்தான்.

அப்புறம், பாசறை ஏதோ போராளி இயக்கங்களின் காலத்தில் உண்டாக்கிய புதுச்சொல் என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியத்திலேயே அது இருக்கிறது.