மரத்தை ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன்னால் கடிதத்தைப் போடுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். 18 மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளமும், லிஃப்ட்டும் மாடிப்படியும் போகிற நடுக்கூடும் கான்கிரீட். அதற்கு மேல் தூணும் தளமும் மரம். தளம், பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிச் செய்கிற சி.எல்.டி. பலகை, அதன்மேல் மெல்லிய கான்கிரீட் பூச்சு. வாசகர் 11ஆவது மாடியில் ஒரு வீடு புக் செய்திருக்கிறார். புரோஷரில் தலைக்கு மேலே மரம் அப்படியே தெரிகிற மாதிரி படம் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். கட்டிக்கொண்டிருந்தபோது பல வாரம் மழை. போய்ப் பார்த்தபோது மேற்கூரைப் பலகையில் கருப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை. கேட்டதற்கு, 'தீயணைப்பு விதிப்படி எல்லா மரத்தையும் ஜிப்சம் போர்டால் மூடப் போகிறோம், கறை தெரியாது' என்று பில்டர் சொல்லிவிட்டாராம். கடைசித் தவணை கேட்டு நோட்டீசும் வந்துவிட்டது. பணம் கட்டலாமா, நிறுத்தலாமா, ரத்து செய்யலாமா என்பது கேள்வி.

பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். 'கறை தெரியாது' என்ற அந்த பதில்தான் எனக்குக் கவலை. உங்கள் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அந்த போர்டு ஏறுவதற்கு முன்னால் அந்த மரத்தை யார் பார்த்தார்கள், என்ன அளந்தார்கள், எங்கே எழுதி வைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. மூடின பிறகு ஐந்து வருஷம் கழித்துத் தளம் தொய்ந்தாலோ வாடை வந்தாலோ, 'இது நீங்கள் குடிவந்த பிறகு பாத்ரூமிலிருந்து கசிந்த தண்ணீர்' என்பார்கள். கட்டும்போதே ஈரம் இருந்தது என்று நிரூபிக்கிற பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

முழுக் கான்கிரீட் வீட்டு வழக்குகளை நடத்தின அனுபவத்தை வைத்து இதை அணுகினால் தவறாகப் போகும். கான்கிரீட்டில் தண்ணீர் இறங்கினால் பெரும்பாலும் கீழே சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே மேலே கான்கிரீட் பூச்சு, கீழே ஜிப்சம் போர்டு, நடுவில் மரம். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழி குறைவு. அது பலகையின் இணைப்பு வழியாக ஓடி, வேறெங்கோ போய்த் தங்கும். மரத்தின் வெட்டுமுகம் இருக்கிறதே, அது தண்ணீரை உறிஞ்சுகிற வேகம் பலகையின் தட்டையான முகத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

இதே மாதிரி ஒரு கட்டடத்தில் ஒரு பொறியாளருடன் நான் நின்றிருக்கிறேன். கையடக்கமான ஈரம் பார்க்கிற மீட்டர், முனையில் இரண்டு ஊசி. கறையே இல்லாத நடுப்பலகையில் ஊசியை அழுத்தினார், 13 சதவீதம் என்று காட்டியது. ஒரு முழம் தள்ளிக் கறை இருந்த இடத்தில் 15. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் இரண்டு பலகை சேருகிற இடுக்கில், பார்க்கச் சுத்தமாக இருந்த ஓரத்தில் அழுத்தினார், 27. அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான், கறையைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது, இணைப்பை அளக்க வேண்டும். இந்தப் பலகைகள் தொழிற்சாலையை விட்டு வரும்போது ஈரம் ஏறத்தாழ 12 சதவீதம் இருக்கும். 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் பூஞ்சைக்கு இடம் கொடுத்த மாதிரி. ஆகவே உங்கள் வீட்டுக் கறை வெறும் நிறமாற்றமாக, துடைத்தால் போகிற அளவிலும் இருக்கலாம். அப்படியிருந்தால் பில்டரைக் குற்றம் சொல்ல நான் சொல்லமாட்டேன். இருபது இருபத்தைந்து என்று எண் வந்தால் கதையே வேறு.

ஆகவே ஒரு கடிதம் எழுதுங்கள். ஃபோனில் பேசாதீர்கள், பேசினாலும் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: 'இன்ன தேதியில் என் வீட்டு மேற்கூரைப் பலகையில் ஈரக்கறை பார்த்தேன், படங்கள் இணைத்திருக்கிறேன். மரத்தை மூடுவதற்கு முன் என் சார்பில் ஒரு பொறியாளர் வந்து ஈரம் அளக்க ஏழு நாளுக்குள் நேரம் ஒதுக்கித் தரவும். மழைக்காலத்தில் எடுத்த ஈர அளவுகளின் பதிவேடு, காயவைக்க எடுத்த நடவடிக்கை, மூடலாம் என்று கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட அறிக்கை ஆகியவற்றின் நகல் தரவும். அதற்கு முன்பே மூடினால், தேவைப்படும்போது திறந்து பார்க்கிற செலவு உங்களுடையது என்று எடுத்துக்கொள்வேன்.' இவ்வளவு போதும். கோபமாக ஒரு வார்த்தை வேண்டாம். உயர்ந்த மரக் கட்டடம் கட்டுகிற ஒழுங்கான நிறுவனத்திடம் மழை, ஈரம் பற்றித் தனித் திட்டமும் பதிவேடும் இருக்கும், இருக்க வேண்டும். கொடுத்துவிட்டால் நல்லது. 'அப்படி ஒன்றும் இல்லை' என்று எழுத்தில் வந்தால், அந்தக் காகிதம் பிற்பாடு உங்களுக்குச் சாட்சி.

சரி, மரம் தெரியும் என்று சொல்லிவிட்டு மூடுகிறார்களே, அது? இதில் இரண்டு கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். மூடச் சொல்லி விதி இருக்கிறதா என்பது ஒன்று. விற்கும்போதே அந்த விதி அவருக்குத் தெரியுமா என்பது இன்னொன்று. முதலாவதில் பில்டர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றுகிற மாதிரிக் கட்டட விதித்தொகுப்பின் 2021 பதிப்பு 18 மாடி வரை கன மரக் கட்டடத்தை அனுமதித்தது, ஆனால் அந்த உயர வகையில் மரம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். 12 மாடி வகையில் ஒரு பகுதி தெரியலாம், 9 மாடி வகையில்தான் பெரும்பாலும் திறந்து விடலாம். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 18 மாடி மாணவர் விடுதி, 2017இல் திறந்தது, அதிலும் கான்கிரீட் நடுக்கூடு இரண்டு, மரத்தைப் பெரும்பாலும் ஜிப்சம் போர்டால் மூடித்தான் அனுமதி வாங்கினார்கள். மில்வாக்கியில் 2022இல் வந்த 25 மாடிக் குடியிருப்பில் மரத்தின் ஒரு பகுதியை வெளியே விட்டிருக்கிறார்கள். அதற்கான தீச் சோதனைகளைச் செய்து தனி அனுமதி பெற்ற பிறகு. அதனால் 18 மாடிக்கு வரைபடம் போட்ட அன்றைக்கே, மரம் தெரியுமா தெரியாதா என்று கட்டடக் கலைஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்தும் திறந்த மரம் என்று படம் போட்டு விற்றிருந்தால் அது தவறான உறுதிமொழி. நடுவில் விதி மாறியதால் மூட வேண்டி வந்திருந்தால் அது வேறு கணக்கு, இழப்பீடு கிடைப்பது கடினம். விற்ற தேதியையும் அனுமதி வரைபடத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'புரோஷர் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல' என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நீங்கள் எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவில் என்றால் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆவது பிரிவு விளம்பரத்தையும் மாதிரி வீட்டையும் நம்பிப் பணம் கொடுத்தவருக்கு நேரடியாகவே உரிமை தருகிறது, விலகினால் வட்டியோடு பணம் திரும்ப வரும். 14ஆவது பிரிவு, உங்கள் வீட்டின் வரைபடத்தையோ விவரக்குறிப்பையோ உங்கள் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்கிறது. நீங்களே கேட்கிற சிறு மாற்றம் போக, கட்டடக்கலை அல்லது கட்டமைப்புக் காரணத்துக்காகச் செய்கிற சிறு மாற்றத்துக்கு மட்டும் விலக்கு, அதற்கும் கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளரின் பரிந்துரையும் உங்களுக்கு முன்னறிவிப்பும் வேண்டும். மற்ற நாடுகளிலும் பொய்யான விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டத்தில் பெரும்பாலும் வழி இருக்கும். புரோஷரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவர்கள் வலைத்தளத்தில் இருக்கிற படத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள்.

இப்போது பணம். நீங்களாகத் தவணையை நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் இந்த ஒரு காரியத்தால் கெட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவணை தவறினால் ஒப்பந்தப்படி நீங்கள்தான் மீறியவர், அபராத வட்டி ஓட ஆரம்பிக்கும், சில ஒப்பந்தத்தில் ரத்து செய்கிற உரிமையே அவர் கைக்குப் போய்விடும். குறை சரிசெய்யும் வரை ஒரு பகுதியைப் பிடித்து வைக்கலாம் என்று உங்கள் ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் பிடியுங்கள். இல்லையென்றால் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், ஈரம் பற்றியும் மூடுவது பற்றியும் என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதிக் கட்டுங்கள். ரத்து செய்வதை இப்போதே நினைக்க வேண்டாம், மீட்டர் என்ன சொல்கிறது என்று தெரியட்டும்.

சாவி வாங்குகிற அன்றைக்கு ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். 'வீட்டைப் பார்த்துத் திருப்தியடைந்து பெற்றுக்கொண்டேன், எந்தக் கோரிக்கையும் இல்லை.' சந்தோஷமான நாள், குடும்பத்தோடு போயிருப்பீர்கள், பேனாவை நீட்டினால் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு, 'மூடியிருப்பதால் மேற்கூரை மரத்தைப் பார்க்க முடியவில்லை, அதற்கு உட்பட்டுப் பெறுகிறேன்' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, அங்கேயே ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடு நாட்டுக்கு நாடு ரொம்பவே மாறும். இந்தியாவில் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைக் குறையோ சுட்டிக்காட்டினால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். மலேசியாவில் குறைகளை பில்டரே சரிசெய்து தர வேண்டிய குறைபொறுப்புக் காலம் 24 மாதம், சிங்கப்பூரில் 12 மாதம்; அதற்குப் பிறகு பொதுவான ஒப்பந்தச் சட்டத்தைப் பிடித்துத்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டு கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, வாழத் தகுதியில்லாத வீட்டுக்காக வழக்குப் போடப் புதுக் கட்டடங்களுக்கு 15 வருஷம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேலைக்கும் பொருளுக்கும் 2, வெளிச்சுவருக்கும் கூரைக்கும் 5, கட்டமைப்புக்கு 10 வருஷம் கட்டாய உத்தரவாதம். அது வந்த கதையே தண்ணீர்தான்: எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் அங்கே கட்டிய அடுக்குமாடிகளின் சுவருக்குள் மழை இறங்கி மரச்சட்டங்கள் உளுத்துப்போய், வீட்டுக்காரர்கள் தலையில் பெரும் செலவு விழுந்தது. சுவருக்குள் போன ஈரம் வெளியே தெரியப் பல வருஷம் ஆனது. அதனால்தான் 12 மாதம், 24 மாதம் என்கிற இடங்களில் மரக் கட்டடம் வாங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்கிறேன், காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு பொறியாளரை அழைத்து மறுபடியும் அளந்துவிடுங்கள்.

ஒரு சிக்கல் உங்களுக்குத் தோன்றியிருக்காது. உங்கள் தலைக்கு மேலே இருக்கிற பலகை 12ஆவது மாடிக்காரரின் தளம். பெரும்பாலான நாடுகளில் கட்டமைப்பு என்பது பொதுச் சொத்து, யாருடைய தனி வீட்டிலும் சேராது. ஆகவே நீங்கள் தனியாகப் போய் பில்டரிடம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு 'தீர்ந்தது' என்று கையெழுத்திட்டால் பலகை காயாது, மற்றவர்கள் உங்களோடு பேசவும் மாட்டார்கள். புக் செய்தவர்களைத் தேடிப் பிடியுங்கள், சங்கம் இன்னும் பதிவாகவில்லை என்றால் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பொறியாளரை வைத்து எல்லா மாடியிலும் இணைப்புகளை அளந்துவிடலாம், செலவும் பிரிந்துவிடும். மழை பெய்த வாரங்களில் மேலே திறந்து கிடந்த மாடி எது என்று தெரிந்துகொண்டு அங்கே முதலில் போங்கள்.

மர வீடு எரிந்துவிடுமே என்று உங்கள் அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அவருக்குச் சொல்லுங்கள், இவ்வளவு கனமான மரம் குச்சி மாதிரி எரியாது. மேற்பரப்பு கரியாகி உள்ளே இருப்பதைக் காக்கும். ஐரோப்பியத் தரநிலைப்படி நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் கரியாகும் என்று கணக்கு வைத்து, கரிந்து போகிற அளவையும் சேர்த்தே தடிமனைத் தீர்மானிக்கிறார்கள். தப்பிக்கிற படிக்கட்டு கான்கிரீட் கூட்டுக்குள் இருக்கிறது. தீ பயத்தைச் சொல்லி நீதிமன்றத்தில் ரத்து கேட்க முடியாது என்பதும் உண்மை, மரம் என்று தெரிந்துதான் வாங்கினீர்கள். ஆனால் காப்பீடு பற்றிய கவலை நியாயமானது. கட்டடம் முழுவதற்கும் காப்பீடு தர எந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது, நீர்ச் சேதத்துக்கு எவ்வளவு தொகை நாமே போட வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், அதை உங்கள் வங்கிக்கும் காட்டிவிடுங்கள். அப்புறம் சங்க விதிகள் எழுதும்போது எல்லா பாத்ரூமிலும் கசிவு உணரி வைக்கச் சொல்லி ஒரு விதி சேர்த்துவிடுங்கள்.

போர்டு அடிக்கிற ஆட்கள் இப்போது எந்த மாடியில் வேலை செய்கிறார்கள் என்று நாளைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். ஒன்பதில் இருந்தால் உங்களுக்குச் சில நாள்தான் இருக்கிறது. கடிதத்தை அன்றைக்கே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டு, ரசீதோடு எனக்கு எழுதுங்கள், பில்டரின் பதிலைப் பார்த்து அடுத்த அடியைச் சொல்கிறேன்.