பிள்ளைகள் குறைந்தால் சமத்துவம் வருமா?

கேள்வி: பிறப்பு விகிதம் குறைந்தால் நாடு வளரும், பெண்களும் தானாகவே சமமாகிவிடுவார்கள் என்கிறார் எங்கள் பொருளியல் பேராசிரியர். உண்மையா? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: முதல் பாதி ஓரளவு சரி. ‘தானாகவே’ என்பதோடுதான் எனக்குச் சண்டை.

தென் கொரியாவைப் பாருங்கள். 1960-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். 1962-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டமும் குடும்பக் கட்டுப்பாடும் சேர்ந்தே தொடங்கின. பிள்ளைகள் குறைந்ததால் மக்கள்தொகையில் உழைக்கும் வயதினரின் பங்கு பெருகியது, சேமிப்பு கூடியது, நாடு பணக்கார நாடானது. அந்த வளர்ச்சிக்குத் தோள்கொடுத்த ஏற்றுமதி ஜவுளி ஆலைகளில் உழைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பலன்? ஆண் பெண் ஊதிய இடைவெளி இன்றும் சுமார் 30 சதவீதம். பணக்கார நாடுகளில் அதுதான் மோசமானவற்றுள் ஒன்று. பிள்ளை பெற்றால் வேலை வாழ்க்கை அதோடு சரி என்ற பயம் வேறு. 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தைதான். அரசு ரொக்கம் கொடுத்தும் பெரிதாக அசையவில்லை.

சமத்துவம் தானாக வராது, அதற்கென்று விதிகளை மாற்ற வேண்டும். ஸ்வீடன் அப்படிச் செய்தது: 1971-இல் கணவன் மனைவிக்குத் தனித்தனி வருமான வரி கொண்டுவந்தது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் அதுவரை மனைவியின் சம்பளம் கணவன் சம்பளத்தோடு சேர்ந்து உயர்ந்த வரி விகிதத்தில் மாட்டியது. வேலைக்குப் போவதே நஷ்டம் என்று பல வீடுகளில் கணக்குப் போட்டார்கள். அப்புறம் 1974-இல் குழந்தை வளர்ப்பு விடுப்பு அப்பாக்களுக்கும் வந்தது. அவர்கள் அதிகம் தொடவில்லை. 1995-இல், ஒரு மாதம் அப்பா எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கே இல்லை என்றார்கள். எடுக்க ஆரம்பித்தார்கள்!