போட்டி நிறுவனத்துக்குப் போகும் டெவலப்பரைத் தடுக்க முடியுமா?

கேள்வி: கோவையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் பெரும்பகுதியை எழுதிய சீனியர் டெவலப்பர் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போட்டி நிறுவனத்தில் சேரப் போகிறார். விலகி 2 ஆண்டுக்கு அப்படிச் சேரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவர்தான். கோர்ட்டில் தடை வாங்கலாமா? சாஃப்ட்வேர் ஓடும் கிளவுட் அக்கவுண்ட் அவருடைய சொந்த இமெயிலில் இருக்கிறது. மொபைல் ஆப்பை ஒரு ஃப்ரீலான்சர் செய்து கொடுத்தார்.

பதில்: தடை கிடைக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ன்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஷரத்து செல்லாது, அவரே விரும்பிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்த்தே ஆகவேண்டும் என்றும் கோர்ட் உத்தரவு போடாது, ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கான பணத்தைக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் ரகசியம் காக்கும் ஷரத்து அவர் போன பிறகும் நிற்கும். சோர்ஸ் கோடு, வாடிக்கையாளர் பட்டியல் இவற்றை எடுத்துப் போனால் அதற்குத் தடை கேட்கலாம்.

எனக்குக் கவலை கிளவுட் அக்கவுண்ட்தான். இன்றைக்கே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ரூட் இமெயிலையும் (அக்கவுண்ட் முழுவதையும் கட்டுப்படுத்தும் இமெயில்) ஓடிபி போகும் போன் நம்பரையும் நிறுவனத்துக்கு மாற்றுங்கள், டொமைன், கோடு வைத்திருக்கும் கிட்ஹப், பிளே ஸ்டோர் எல்லாவற்றையும் அப்படியே. அவர் எதையாவது அழித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66-ல் புகார் கொடுக்கலாம், 3 ஆண்டு வரை சிறைகூட உண்டு. ஆனால் புகார் கொடுத்தால் மறுநாள் காலையில் உங்கள் வாடிக்கையாளர் கடையில் பில் அடித்துவிட முடியாது. அதனால் மிரட்டாதீர்கள், ரிலீவிங் லெட்டரைப் பிடித்துவைக்கவும் வேண்டாம். ஒப்படைப்பு முடிந்த அன்று ஒரு தொகை தருவதாக எழுதிக் கொடுங்கள். சாஃப்ட்வேரின் அடுத்த ரிலீஸை, அதாவது புதுப் பதிப்பை வெளியிடுவதை, இன்னொருவர் செய்யட்டும், இவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும், எங்கே தடுமாறுகிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த ஆப். ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன்படி நிறுவனத்துக்கே சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது அப்படியல்ல, முழுப் பணம் கொடுத்திருந்தாலும் எழுத்துமூலம் உரிமையை மாற்றித் தராதவரை அது பொதுவாக அவருடையதுதான். மாற்றும்போது காலத்தையும் இடத்தையும் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இனி சேர்ப்பவர்களிடம் பாண்ட் வாங்கலாமா என்றால், வாங்கலாம். 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்டவேண்டும் என்ற விஜயா வங்கியின் ஷரத்தை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் செலவைச் சொல்லி வாதாடினார்கள். நீங்களும் பயிற்சிக்குச் செய்த செலவுக்கு ரசீது வைத்திருந்து, அதற்கேற்ற தொகையைப் போடுங்கள்.