எஃப்ஐஐ விற்றால் நாமும் விற்கணுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: டிவியில் தினமும் எஃப்ஐஐ (வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள்) இத்தனை கோடிக்கு விற்றார்கள் என்கிறார்கள். நான் வைத்திருக்கும் பங்கை விற்றார்களா என்று எங்கே பார்ப்பது?

அந்தக் கணக்கு மொத்தச் சந்தைக்கானது. உங்கள் பங்கைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. என்எஸ்இ அல்லது பிஎஸ்இ பங்குச் சந்தைத் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, 'ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்' (யாரிடம் எத்தனை பங்கு என்ற பட்டியல்) பகுதியைத் திறங்கள். காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் இதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. மியூச்சுவல் ஃபண்டுகள் விஷயத்தில் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். மாதம் முடிந்த 10 நாட்களுக்குள் தங்கள் கையிருப்புப் பட்டியலை வெளியிட்டுவிடுவார்கள்.

கேள்வி: போன காலாண்டில் எஃப்ஐஐ வசம் 20 சதவீதம் இருந்தது, இப்போது 18தான். ஓடுகிறார்களா?

சதவீதத்தை விடுங்கள், பங்கு எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்தம் 10 கோடிப் பங்குகளில் அவர்களிடம் 2 கோடி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் புதிதாக 1 கோடிப் பங்குகளை உள்நாட்டு ஃபண்டுகளுக்கு ஒதுக்கினால், 11 கோடியில் 2 கோடி என்றாகி 18.2 சதவீதம் வந்துவிடும். ஒரு பங்கைக்கூட யாரும் விற்றிருக்க மாட்டார்கள். இதைப் பார்க்காமல் பதறி விற்றவர்கள் நிறையப் பேர்.

சரி, நிஜமாகவே குறைந்தாலும் விலை விழும் என்று கட்டாயமில்லை. 2024 ஜூன் காலாண்டில் எச்டிஎஃப்சி வங்கியில் வெளிநாட்டவர் பங்கு சுமார் 55.5-லிருந்து 54.8 சதவீதமாகக் குறைந்தது. கணக்கு வெளிவந்த மறுநாள் பங்கு புதிய உச்சம் தொட்டது! தனியார் வங்கியில் வெளிநாட்டவருக்கு உச்சவரம்பு 74 சதவீதம். அந்த வரம்பில் கால்வாசிக்கு மேல் காலியிடம் இருந்தால்தான், உலகப் பங்குக் குறியீடுகளைத் தயாரிக்கும் எம்எஸ்சிஐ தன் குறியீட்டில் முழு எடை தரும். 74-இல் கால்வாசி 18.5; 54.8-க்கு இறங்கியதும் காலியிடம் 19.2 ஆகி அந்தக் கோட்டைத் தாண்டியது. எடை கூடினால், குறியீட்டில் உள்ள பங்குகளை அதே எடையில் வைத்திருக்கும் குறியீட்டு ஃபண்டுகள் வாங்கியே ஆக வேண்டும். சிலர் விற்றதே மற்றவர்கள் வாங்கக் காரணமானது.

கேள்வி: ஒரு பிரபல ஃபண்டின் பெயர் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விட்டது. முழுக்க விற்றுவிட்டதா?

தெரியாது. நிறுவனத்தின் பங்குகளில் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ஷேர்ஹோல்டிங் பேட்டர்னில் பெயர் வராது. 1.02-லிருந்து 0.98-க்கு இறங்கினாலும் காணாமல்தான் போகும். மியூச்சுவல் ஃபண்ட் என்றால் மாதப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல்க் டீல், பிளாக் டீல் என்ன வித்தியாசம்? அதைப் பார்த்து வாங்கலாமா?

ஒரே நாளில் நிறுவனத்தின் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் வாங்கினாலோ விற்றாலோ பல்க் டீல்; சாதாரணச் சந்தையில் நடப்பது. பெரிய அளவில் இருவர் பேசிவைத்துக் கைமாற்றும் பிளாக் டீலுக்குத் தனி நேரம், தனி வர்த்தகச் சாளரம் உண்டு. இரண்டும் அன்று மாலையே பெயரோடு வெளியாகும்.

பல்க் டீல் பட்டியலில் ஒரே பெயர் வாங்கியவராகவும் விற்றவராகவும், ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் வந்தால் அது முதலீடு அல்ல, அன்றாட டிரேடிங். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அப்புறம், பெரிய ஆள் விற்றால் கெட்ட சேதி என்றும் நினைக்காதீர்கள். 2024 மார்ச்சில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, ஐடிசியின் மொத்தப் பங்குகளில் 3.5 சதவீதத்தை விற்றது. அன்றே ஐடிசி 4 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எப்போது விற்குமோ என்று தலைமேல் தொங்கிக்கொண்டிருந்த பயம் தீர்ந்த நிம்மதி அது.

கேள்வி: பெரிய வெளிநாட்டு ஃபண்டின் பெயர் புதிதாக வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?

முதலில் அது குறியீட்டு ஃபண்டா என்று பாருங்கள். நிஃப்டி பட்டியல் மார்ச், செப்டம்பர் இறுதிகளில் மாறும். உள்ளே வரும் பங்கை அவர்கள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வாங்குவார்கள். குறியீட்டு ஃபண்ட் இல்லையென்றால், அந்தக் காலாண்டில் பங்கு எந்த விலையில் சுற்றியது என்று பாருங்கள். நீங்கள் பெயரைப் பார்க்கும் நாளில் விலை அதைவிட 30 சதவீதம் மேலே இருந்தால், அவர் வாங்கிய பங்கும் நீங்கள் வாங்கப்போகும் பங்கும் ஒன்றல்ல.