பெங்களூரு அலுவலகத்தில் எனக்கு ஒரு மென்டரை, அதாவது வழிகாட்ட ஒரு சீனியரைக் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் நிறையக் கற்றுக்கொள்ள என்ன செய்யலாம்?

"அண்ணா, நான் எப்படி முன்னேறுவது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மென்டரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். அவரும் பாவம், "நிறையக் கத்துக்கோப்பா" என்றார். அரை மணி நேரம் காபியோடு கரைந்தது.

அடுத்த முறை, மேனேஜருக்கு அனுப்பவிருந்த மெயில் ஒன்றை பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். பேனாவை எடுத்து முதல் மூன்று பத்திகளை அடித்தார். நாலாவதில் ஒளிந்திருந்த "இரண்டு நாள் தாமதமாகும்" என்ற வரியை வட்டமிட்டு, "இதை மேலே கொண்டு வா. மீதியை அவர் கேட்டால் சொல்" என்றார். பத்தே நிமிடம். இன்றும் மெயில் எழுதும்போது அந்த வட்டம் கண்ணில் நிற்கிறது.

அதனால் கையில் ஏதாவது வேலையோடு போங்கள். என்ன பேசப் போகிறீர்கள் என்று முந்தைய நாளே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். அப்புறம், அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆனது என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். சரிப்படவில்லை என்றாலும் சொல்லுங்கள். உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்கும்.

புரமோஷன் வாங்கித் தரச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். அது உங்கள் மேனேஜரிடம் பேச வேண்டியது.

மென்டர் தமிழர் என்றால் தமிழில் பேசுவது சுகம்தான். ஆனால் மீட்டிங்கில் இங்கிலீஷில் சொல்ல வேண்டியதை அவரிடம் இங்கிலீஷிலேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தடுமாறுவதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மட்டும் நேரம் கேட்காதீர்கள். டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டியவரின் மனது உங்களிடம் இருக்காது!